சாமராஜநகரிலிருந்துதான் பேசினேன்

என் வாயால் ஒரு கான்கிரீட்டைக் கீழே தள்ளியிருக்கிறேன். கையால் அல்ல, வாயால்தான். அது விழுந்தது மைசூரில். அந்த நேரத்தில் நான் நின்றிருந்தது அறுபது கிலோமீட்டர் தள்ளி, சாமராஜநகர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு எஸ்.டி.டி. பூத்தில். இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள். எனக்கு இருபத்தாறு வயது. டிப்ளமா முடித்துவிட்டு ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருந்தேன். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். கோபம் அடிக்கடி வரும். எங்கள் முதலாளி ஒரே நேரத்தில் இரண்டு வேலை எடுத்திருந்தார். ஒன்று மைசூரின் மேற்கு ஓரத்தில் புதிதாகப் பிரித்த லேஅவுட்டில் ஒரு மாடி வீடு. இன்னொன்று சாமராஜநகரில் ஒரு கல்யாண மண்டபம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சூப்பர்வைசர். ஒருநாள் விட்டு ஒருநாள் நஞ்சன்கூடு வழியாக பஸ்ஸில் போவதும் வருவதுமாக என் முதுகெலும்பு கழன்றுவிடும் போலிருந்தது. பஸ்ஸிலேயே என் ஆயுசு முடிந்துவிடும் என்று வீட்டில் புலம்பாத நாளில்லை.

மைசூர் வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு மேஸ்திரி. தமிழ்நாட்டு எல்லையோரம் கோபிநத்தம் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய மனைவிதான் சித்தாள்களுக்குத் தலைவி. செங்கல் சுமப்பது, தண்ணீர் விட்டு கான்கிரீட்டை நனைப்பது, பதினொரு மணிக்குத் தூக்குப் பாத்திரத்தோடு போய் எல்லோருக்கும் டீ வாங்கி வருவது எல்லாம் அவர் பொறுப்பு. அவரை நான் அக்கா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். மேஸ்திரிக்கு நான் சார். இருவரும் அந்த வீட்டுக்கு முன்னாலேயே தகரக் கொட்டகை போட்டுக் குடியிருந்தார்கள். இன்னும் மூன்று ஆட்கள் அவர்கள் ஊரிலிருந்தே வந்தவர்கள்.

மேஸ்திரிக்கு ஒரு வழக்கம் உண்டு. கான்கிரீட் போட்டு அது இறுக வேண்டிய நாள் முடிந்ததும், அடியில் தாங்கி நிற்கும் முட்டுக் கம்புகளைப் பிரிப்பதற்கு முன்னால், கான்கிரீட்டைச் சுத்தியலால் மூன்று தட்டு தட்டுவார். கணீரென்று வந்தால் இறுகிவிட்டது. மொத்தென்று வந்தால் இன்னும் ஈரம். இதில் முக்கியமானது தட்டுவது அல்ல. பக்கத்தில் நான் நின்று கேட்க வேண்டும். "ரெண்டு காது கேக்கோணும் சார், எனக்கொண்ணு உங்களுக்கொண்ணு" என்பார். நான் கேட்டு, சரி என்று சொன்னால்தான் முதல் கம்பில் கை வைப்பார். நான் வரத் தாமதமானால் அரை நாள் ஆனாலும் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். நாள் கணக்குத்தான் இருக்கிறதே, சத்தம் எதற்கு என்பேன். அவர் சிரிப்பார்.

அந்த வருடம்தான் முதலாளி மொபைல் போன் வாங்கினார். கறுப்பாக, கனமாக, தலையில் ஒரு சின்னக் கொம்போடு இருந்தது. அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவார் என்று நாங்கள் நினைத்தோம். மனுஷர் கெட்டிக்காரர். அவருக்கு ஆபீஸிலும் வீட்டிலும் போன் இருந்தது. லேஅவுட்டில்தான் போன் கம்பமே இல்லை. அதனால் அந்தப் போனை மைசூர் சைட்டில் மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டார். சாமராஜநகரில் அப்போது டவர் கிடையாது. நான் அங்கே பூத்திலிருந்து கூப்பிட வேண்டும், மைசூரில் மேஸ்திரி எடுக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

கொடுக்கும்போதே ஒரு சட்டமும் போட்டார். அந்த நாளில் போன் செய்கிறவருக்கு மட்டுமல்ல, எடுக்கிறவருக்கும் நிமிடத்துக்குக் காசு. முதலாளி ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டி, "ஒந்து நிமிஷ. அஷ்டே" என்றார். ஒரு நிமிடம், அவ்வளவுதான். கேட்டதற்குப் பதில், உடனே கட். நலம் விசாரிப்பெல்லாம் நேரில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மேஸ்திரி போனை ஒரு மணி நேரம் கையில் வைத்திருந்துவிட்டு மனைவியிடம் கொடுத்துவிட்டார். சிமென்ட் கையால் தொட பயம். அக்கா அதைக் கழுவிக் காயவைத்த பால் கவரில் போட்டு, வாயை ரப்பர் பேண்டால் கட்டி, இடுப்பில் செருகிக்கொண்டார். மணியடித்தால் கவரோடு சேர்த்தே காதில் வைப்பார். பச்சைப் பொத்தானைக் கவரின் மேலேயே அழுத்துவார்.

முதல் தடவை நான் கூப்பிட்டது நன்றாக நினைவிருக்கிறது. பூத்தில் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணை அழுத்தினேன். "சொல்லுங் தம்பி" என்று அக்காவின் குரல் வந்தது. பின்னால் காற்று வீசும் சத்தம். "எங்க இருக்கீங்க?" என்று கேட்டேன். "மாடி மேல நிக்கறனுங், தண்ணி உட்டுட்டு இருக்கறேன்" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. கம்பி இல்லை, சுவர் இல்லை, பாதி கட்டிய மொட்டை மாடியில் நிற்கிற ஒரு பெண்ணின் குரல் நேராக என் காதுக்குள். ரிசீவரை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே நின்றேன். பூத்துக்காரர் கதவைத் தட்டி, எல்லாம் சரியா என்று கேட்டார்.

பிறகு அது பழகிப்போனது. சிமென்ட் வந்ததா, வந்தது. கம்பி கட்டியாச்சா, ஆச்சு. கட். சாமராஜநகரிலேயே தங்கிக்கொண்டேன்; ஒருநாள் விட்டு ஒருநாள் மைசூர் சைட்டுக்குப் போனவன், வாரத்துக்கு இரண்டு நாள் என்றானேன். பிறகு ஒரு நாள். முதுகு வலி போயிற்று. மண்டப வேலையும் வேகமெடுத்தது. முதலாளி என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது. இரண்டு ஊரில் ஒரே நேரத்தில் வேலை பார்க்கிறவன் என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டேன்.

மேஸ்திரியின் மூன்று தட்டு மட்டும் இடித்தது. மாடித் தளத்தின் முட்டுகளைப் பிரிக்க நான் நேரில் வந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அதற்கு வழி கண்டுபிடித்தவன் நான்தான். போனைக் கான்கிரீட்டின் மேல் வைத்துத் தட்டுங்கள், நான் இங்கிருந்து கேட்கிறேன் என்றேன். மேஸ்திரி யோசித்தார். ஒரு கையில் ஏணி, ஒரு கையில் சுத்தியல், அதனால் அக்கா போனைப் பிடித்தார். மூன்று தட்டு. சாமராஜநகர் பூத்துக்குள் கணீர், கணீர், கணீர் என்று கேட்டது. நான் சரி என்றேன். பிரித்தார்கள். தளம் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. முதலாளியிடம் இதைச் சொன்னபோது, அவர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். அந்த மாத சம்பளம் வாங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

அடுத்தது சஜ்ஜா. வாசலுக்கு மேலே வெயிலும் மழையும் படாமலிருக்க வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் கான்கிரீட்டைத்தான் இங்கே சஜ்ஜா என்போம். அந்த வீட்டில் அதை நல்ல அகலமாகக் கேட்டிருந்தார்கள். சஜ்ஜாவின் ஒரு பக்கம் சுவரில் உட்கார்ந்திருக்கும், மறுபக்கம் அந்தரத்தில் நிற்கும். உட்கார்ந்த பக்கத்தின் மேல் சுவர் எழுப்பினால் அந்தப் பாரம் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சுவர் எழும்பாமல் முட்டைப் பிரித்தால், பெஞ்சின் ஒரு ஓரத்திலிருந்து ஒருவர் எழுந்ததும் மறு ஓரத்தில் இருப்பவர் கவிழ்வது போலக் கவிழும். கான்கிரீட் கல்லாக இறுகியிருந்தாலும் கவிழும். டிப்ளமா முதல் வருடத்தில் சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது.

மேலே சுவர் திங்கட்கிழமை எழும்ப வேண்டும். என் டயரியில் அப்படித்தான் எழுதியிருந்தேன். திங்கட்கிழமை செங்கல் லாரி வரவில்லை. நான் மைசூரில் இருந்திருந்தால் வாசலுக்கு வரும்போதே சஜ்ஜாவுக்கு மேலே சுவர் இல்லாமல் வானம் தெரிந்திருக்கும். நான் அந்த சைட்டுக்குப் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது; லாரி வராததை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. மண்டபத்தில் மேடைக்கு முட்டுக் கம்பு போதவில்லை. மைசூர் சஜ்ஜாவின் கம்புகளைப் பிரித்தால் மதிய லாரியில் ஏற்றி வரலாம். பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பூத்துக்குப் போனேன். அக்கா எடுத்து மேஸ்திரியிடம் கொடுத்தார்.

"சஜ்ஜாவுக்கு நாள் ஆயிடுச்சில்ல?" என்றேன்.

"மூணு வாரம் ஆச்சு சார்."

"தட்டுங்க, கேக்கறேன்."

போன் கை மாறுகிற சத்தம். பால் கவர் சரசரத்தது. பிறகு மூன்று தட்டு. கணீரென்று மணி அடித்த மாதிரி. இதைவிட நல்ல கான்கிரீட் மைசூரில் எவனும் போடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அக்கா போனைக் காதில் வைத்து, "கேட்டுதுங்களா தம்பி?" என்றார்.

"நல்லாக் கேட்டுச்சு. பிரிக்கச் சொல்லுங்க. வெளி ஓரத்துலேர்ந்து ஒவ்வொண்ணா. கட் பண்ணாதீங்க, நான் கேட்டுட்டே இருக்கேன்."

அந்த இடத்தில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அது எனக்கு இப்போது நன்றாகக் கேட்கிறது. அப்போது கேட்கவில்லை. பிறகு அவர், "ஏனுங், பிரிக்கச் சொல்றாருங்" என்று புருஷனிடம் சொன்னார்.

எதற்காகக் கட் பண்ண வேண்டாம் என்றேன்? பெருமைதான். முட்டு விழுகிற சத்தத்தைப் பூத்தில் நின்று எண்ண ஆசை. முதலாளியின் ஒரு நிமிடச் சட்டம் எனக்குப் பொருந்தாது என்ற நினைப்பு. ஒன்று விழுந்தது, டொக். இரண்டு. மூன்று. நான்காவது சத்தம் கம்பு விழுந்த சத்தமாக இல்லை.

முதலில் ஒரு கீறல் சத்தம், தகரத்தைக் கல்லில் இழுப்பது போல. மேஸ்திரி "ஏய்" என்றார். அந்த ஒரு சொல்தான். பிறகு வந்ததைச் சத்தம் என்று சொல்ல முடியாது. காது ஒரு கணம் செத்துப்போனது. ரிசீவரை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தேன். லைன் அறுபடவில்லை. மண் சரியும் மெல்லிய சத்தம் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.

"மேஸ்திரி, மேஸ்திரி" என்று கத்தினேன். பதில் இல்லை. தூரத்தில் ஆட்கள் ஓடி வருவது கேட்டது. மூன்று பேரும் வீட்டின் பின்னால் கலவை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். "மண்டை ஒடைஞ்சு போச்சுடா" என்று ஒருவன் அழுதான். மேஸ்திரி ஏணியோடு வெளிப்பக்கம் விழுந்து நினைவு தப்பிக் கிடந்தார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. "ஆட்டோவைப் புடி, ஆட்டோவைப் புடி" என்றான் இன்னொருவன். அப்புறம் ஒரு குரல் கேட்டது.

"அக்கா எங்கடா?"

"மணி பதினொண்ணு ஆச்சுல்ல. டீக்குப் போயிருக்கும்."

அக்கா டீக்குப் போகவில்லை. நான் கூப்பிட்டதால் போகவில்லை. நான் கட் பண்ணாதீங்க என்றதால் போனைப் பிடித்துக்கொண்டு சஜ்ஜாவுக்கு நேர் கீழே நின்றார். "கீழ இருக்காங்கடா, கீழ இருக்காங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அறுபது கிலோமீட்டர் தாண்டிப் போன என் குரல் கடைசி ஆறடியைத் தாண்டவில்லை. ஆட்டோ ஒன்று வந்து நின்று, கிளம்பி, தூரத்தில் கரைந்து போவதை முழுதாகக் கேட்டேன்.

அதன் பிறகு அமைதி. அந்த அமைதிக்குள், என் காதுக்கு ஒட்டினாற்போல, ஒரு மூச்சு.

அது இழுத்து இழுத்து வந்தது. உள்ளே போகும்போது விசில் போல ஒரு சத்தம். "அக்கா" என்றேன். மூச்சு நின்றது. பிறகு "ம்" என்று வந்தது.

அவர் உயிரோடிருப்பது உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். எங்கே கிடக்கிறார் என்பதும் எனக்குத்தான் தெரியும். நானோ கையில் ரிசீவரோடு கண்ணாடிக்குள் நிற்கிறேன். அந்த நிமிடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? கத்துங்க அக்கா, உசுரைக் கொடுத்துக் கத்துங்க என்று சொல்லியிருக்க வேண்டும். வாசலில் ஒருவனாவது இருந்திருப்பான், கேட்டிருக்கும். நான் சொன்னது வேறு. பதற்றத்தில் மனுஷன் வாயில் என்ன வருமோ அதுதான் வந்தது.

"ஒண்ணும் ஆகாது அக்கா. அசையாதீங்க. பேசாதீங்க, மண்ணு வாய்க்குள்ள போயிடும். நான் இருக்கேன். நான் இங்கதான் இருக்கேன்."

"ம்" என்றார். சொன்னபடியே அசையாமல், பேசாமல் கிடந்தார்.

எத்தனை நேரம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. பூத்துக்காரர் கதவைத் திறந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். எனக்கு விஷயம் சொல்லக்கூட வரவில்லை. அவர் கேட்டவரையில் புரிந்துகொண்டு, கன்னடத்தில், இதை வைத்துவிட்டு அங்கே இருக்கிற யாருக்காவது போன் பண்ணுங்கள் என்றார். எவ்வளவு எளிமையான யோசனை. ஆனால் பூத்தில் இருந்தது ஒரே லைன். முதலாளி ஆபீஸுக்குச் சொல்ல வேண்டுமானால் இதை வைக்க வேண்டும். வைத்தால் அந்த மூச்சு அறுந்துவிடும். மறுபடி அடித்தால் எடுக்க அவரால் முடியுமா என்று தெரியாது. நான் இருக்கேன் என்று சொன்ன வாய் இன்னும் மூடவில்லை.

வைத்துவிட்டேன். அக்கா, ஒரு நிமிஷம், வைக்கிறேன் என்று சொல்லக்கூட இல்லை. சொன்னால் அவர் "ம்" என்பார், அதைக் கேட்டுவிட்டால் என்னால் வைக்க முடியாது. சொல்லாமலே வைத்தேன்.

ஆபீஸில் முதலாளியே எடுத்தார். சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, ரிசீவரை எறிந்துவிட்டு ஓடினார் என்று நினைக்கிறேன், ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. உடனே மறுபடி அந்த மொபைலுக்கு அடித்தேன். மணி போனது. முடியும்வரை போனது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், மறுபடி. விரல் தானாக எண்களை அழுத்திக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் மணி போகவே இல்லை. அதன் அர்த்தம் என்ன என்று யோசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஓடிப்போய்க் கிளம்பிக்கொண்டிருந்த மைசூர் பஸ்ஸில் ஏறினேன்.

அந்தப் பயணத்தை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால் அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. இப்போது ஒன்றும் தெரியாது. உயிரோடு இருக்கிறாரா, எடுத்துவிட்டார்களா, எதுவும் தெரியாது. பக்கத்து சீட்டில் ஒருவர் வாழைப்பழம் உரித்து எனக்கு ஒன்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன். மைசூரில் இறங்கும்போதும் அது என் கையிலேயே இருந்தது, கூழாகிப்போய்.

சைட்டில் ஒருவன் மட்டும் மணல் குவியலில் உட்கார்ந்திருந்தான். சஜ்ஜா ஒரே துண்டாகத் தலைகுப்புறக் கிடந்தது; ஓர் ஓரம் அந்த மணலில் ஏறி நின்றதால்தான் அடியில் ஒரு ஆள் கிடக்க இடம் இருந்திருக்கிறது. ஓர் இடத்தில்கூட உடையவில்லை. அவ்வளவு நல்ல கான்கிரீட். நிமிர்ந்து பார்த்தேன். மேலே சுவர் இல்லை, ஒரு வரிசை செங்கல்கூட இல்லை. வெறும் வானம். அதைப் பார்த்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"இருக்காங்க சார், ஆஸ்பத்திரியில இருக்காங்க" என்றான் அவன். "நீங்க அடிச்ச மணிதான் சார். ஒருத்தன் மேஸ்திரியோட ஆட்டோல போயிட்டான், ஒருத்தனை டீக்கடைக்கு அக்காவைத் தேடி அனுப்பிட்டு நான் நின்னுட்டிருந்தேன். மண்ணுக்குள்ளேருந்து போன் அடிச்சுது. நின்னு நின்னு அடிச்சுது. அதுக்கப்புறந்தான் தெரியும். வெளிய எடுக்கும்போதும் இது அக்கா கையிலயே இறுகிக் கிடந்துச்சு." கையில் வைத்திருந்ததை நீட்டினான். பால் கவருக்குள் போன் அப்படியே இருந்தது. கவரின் மேல் மட்டும் ரத்தம் காய்ந்திருந்தது. பேட்டரி தீர்ந்துபோயிருந்தது.

முதலாளியின் ஒரு நிமிடச் சட்டத்தின் மேல் பழியைப் போட எனக்கு ரொம்ப ஆசையாக இருந்தது. ஆனால் அவர் பக்கத்து சைட்டிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து, கடப்பாரையைத் தானே பிடித்து, உள்ளங்கை இரண்டும் கிழியக் கிழியத் தூக்கியிருக்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் கட்டுப் போட்ட கைகளோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். சுவர் எழும்பிவிட்டதா என்று நீ கேட்டாயா? நான் இல்லை என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேஸ்திரிக்குத் தலையில் தையல். அவர் பிழைத்துக்கொண்டார். அக்காவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. காலை எடுக்காமல் காப்பாற்றினார்கள், ஆனால் மடங்காத காலாகிவிட்டது. மறுநாள்தான் பார்க்க விட்டார்கள். படுக்கை ஓரத்தில் நின்று, இரவெல்லாம் மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னேன்.

"அக்கா, பிரிக்கச் சொன்னது நான்தான். தப்பு என்னுது."

"தெரியாதுங்களா தம்பி. நான்தான போனைப் புடிச்சிருந்தேன்." குரல் தேய்ந்து வந்தது. "சொவரு இன்னும் வெக்கலியேன்னு வாய் வரைக்கும் வந்துச்சுங். எந்த ஊட்டுலயும் சொவரு வெச்சுத்தான பிரிப்பாங்க, நான்தான கல்லு தூக்கறேன். நீங்க தட்டறதை மட்டுந்தான் கேட்டீங்க. அவரும் சார் கணக்குப் பாத்துத்தான் சொல்றாருன்னு கை வெச்சுட்டாருங். பேசுனா நிமிசம் ஆவுமேன்னு உட்டுட்டனுங்."

கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அன்றைக்கு எத்தனை நிமிடம் வேண்டுமானாலும் இருந்தது. கம்பு விழுவதை எண்ணுவதற்குக்கூட நிமிடம் இருந்தது. ஒரு வாக்கியம் பேச அவருக்கு இல்லை.

"அழுவாதீங்க" என்றார். "நீங்க வந்துட்டீங்கல்ல. இருட்டுல ஒண்ணுமே தெரியல. நீங்க பக்கத்துல குந்திட்டு, என் கையப் புடிச்சிட்டு, நான் இருக்கேன் நான் இருக்கேன்னு சொல்லிட்டே இருந்தீங்க. அப்புறந்தான் பயம் போச்சு. கடைசி வரைக்கும் கைய உடல நீங்க."

நான் வரவில்லை அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டியதும் பொய்தான்.

ஏழெட்டு மாதம் கழித்து அவர்கள் மறுபடி வேலைக்கு வந்தார்கள். அக்காவால் சுமை தூக்க முடியாது. முதலாளி அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, போனைக் கொடுத்து, இனி நீதான் எல்லாம் பேச வேண்டும் என்றார். நிமிடச் சட்டத்தை அவரே எடுத்துவிட்டார். நான் ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ்ஸில் போய் வரும் பழைய வழக்கத்துக்குத் திரும்பியிருந்தேன். என்றாலும் இடைநாளில் கூப்பிடுவேன். அக்கா எடுத்ததும், நான் கேட்பதற்கு முன்னாலேயே வாசலிலிருந்து மாடி வரை எது இருக்கிறது, எது இல்லை என்று வரிசையாகச் சொல்வார். இல்லாததை முதலில் சொல்வார்.

ஒருநாள் அதே பூத். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு அவர் வைக்கவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்க அக்கா."

"அன்னிக்கு நீங்க மத்தியானத்துக்கு மேலதான் வந்தீங்கன்னு பசங்க சொல்றாங்க. அன்னிக்கு எங்கிருந்துங் பேசுனீங்க?"

பூத்துக்காரர் பேப்பரிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"இங்கேர்ந்துதான் அக்கா. சாமராஜநகர்லேர்ந்துதான் பேசினேன். பக்கத்துல நான் இல்ல." மூச்சை இழுத்து மீதியையும் சொன்னேன். "நடுவுல உங்ககிட்ட சொல்லாமலே கட் பண்ணிட்டேன். ஆபீஸுக்குச் சொல்லணும்னு."

அந்தப் பக்கம் யாரோ மணல் சலிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் குரல் வந்தது. அதில் கோபம் இல்லை.

"அப்ப என் கையப் புடிச்சிருந்தது யாருங் தம்பி?"

ரிசீவரை இறுகப் பிடித்தபடி நின்றேன். அந்தப் பக்கம் அவரும் வைக்கவில்லை.